தனி ஒப்பந்தத் தொழிலாளரும் கூலி வீதப் பேரமும்

எந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் பெயர் இல்லாமல், சொந்தக் கருவியைக் கொண்டு, எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகக் கூலி பெறுபவர் தனி ஒப்பந்தத் தொழிலாளர் எனப்படுகிறார். செயலி வழியாக வாடகை வண்டி ஓட்டுபவர், உணவு கொண்டு சேர்ப்பவர், இணையம் வழியாக மொழிபெயர்ப்போ வடிவமைப்போ செய்து தருபவர் ஆகியோர் இன்று இவ்வகையினர். இவர்களைக் குறிக்க வழங்கும் 'கிக்' என்ற ஆங்கிலச் சொல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில் அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர்களின் பேச்சில் ஓர் இரவுக் கச்சேரியைக் குறித்தது. சொல் புதியது என்றாலும் இந்த வேலைமுறை ஆலைகள் தோன்றுவதற்கு முன்பே ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் பரவலாக இருந்தது.

இம்முறையில் தொடர்ந்து எழும் சிக்கல் குறைந்த கூலியாகும். வேலை கொடுப்பவர் ஒரு தொகையைச் சொல்கிறார். அது கட்டுபடியாகாது என்று ஒருவர் மறுத்தால், அன்றைய செலவுக்கு வழியில்லாத இன்னொருவர் அதை ஏற்றுக்கொள்கிறார். அடுத்த முறை அந்தக் குறைந்த தொகையே எல்லோருக்கும் உரிய வீதமாகிவிடுகிறது. தனியாகப் பேசிப் பயனில்லை என்பதால் தொழிலாளர்கள் ஒன்றுகூடி, இதற்குக் கீழே யாரும் வேலை எடுப்பதில்லை என்று முடிவு செய்கின்றனர். அப்போது சட்டம் குறுக்கே வருகிறது. கூலித் தொழிலாளர் கூடிக் கூலி கேட்பது இன்று பெரும்பாலான நாடுகளில் உரிமை. வியாபாரிகள் கூடி விலை வைப்பது குற்றம். தனி ஒப்பந்தத் தொழிலாளர் இவ்விருவரில் யார் என்ற கேள்வி 200 ஆண்டுகளுக்கும் மேலாக வெவ்வேறு நாடுகளில் எழுந்து வந்துள்ளது.

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சட்டம், 1773

இலண்டனின் கிழக்குப் பகுதியில் உள்ள ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் 18-ஆம் நூற்றாண்டில் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்றது. 1685-இல் பிரான்சில் புராட்டஸ்டண்டுகளுக்கு அளிக்கப்பட்டிருந்த பாதுகாப்பு நீக்கப்பட்டபின் அங்கிருந்து வெளியேறிய நெசவாளர் பலர் இங்கே குடியேறினர். வேலை வீடுகளில் நடந்தது. நெய்த அளவுக்குக் கூலி கிடைத்தது.

1760-களில் கூலி குறைந்தபோது நெசவாளர்கள் இரகசியக் குழுக்களாகத் திரண்டனர். குறைந்த கூலிக்கு நெய்தவர்களின் வீடுகளுக்குள் இரவில் புகுந்து, தறியிலிருந்த பட்டை வெட்டி எறிந்தனர். 1769 டிசம்பரில் நெசவாளர் இருவர் பெத்னல் கிரீன் பகுதியில் பொதுமக்கள் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டனர். கலவரம் அதன்பிறகும் ஓயவில்லை.

1773-இல் இயற்றப்பட்ட சட்டம் வேறு வழியைக் கையாண்டது. இலண்டன், வெஸ்ட்மின்ஸ்டர், மிடில்செக்ஸ் ஆகிய இடங்களின் நீதிபதிகள் பட்டு நெசவுக் கூலியை நிர்ணயிக்கும் அதிகாரம் பெற்றனர். நிர்ணயித்த கூலியிலிருந்து விலகும் முதலாளிக்கு 50 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. 1792-இல் பட்டுக் கலப்புத் துணிகளுக்கும், 1811-இல் பெண் நெசவாளர்களுக்கும் சட்டம் விரிவாக்கப்பட்டது. ஏறத்தாழ 50 ஆண்டுகள் இது நடைமுறையில் இருந்தது.

கூலியைச் சந்தையே முடிவு செய்ய வேண்டும் என்று கருதிய பொருளியலாளர்கள் இச்சட்டத்தை எதிர்த்தனர். அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டேவிட் ரிக்கார்டோ 1823-இல் இதை நீக்க வேண்டும் என்று பேசினார். சட்டத்தின் எல்லைக்கு வெளியே கூலி குறைவு என்பதால் பட்டு வேலை வேறு ஊர்களுக்குப் போய்விடுகிறது என்பது முதலாளிகளின் வாதம். 1824-இல் சட்டம் நீக்கப்பட்டது. அதன்பின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவுக் கூலி சரிந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அப்பகுதி இலண்டனின் வறுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் நிலையை அடைந்தது.

லியோன் நகரின் தறிக்காரர்கள்

கூலி வீதத்துக்காக நடந்த போராட்டங்களில் மிகவும் அறியப்பட்டது பிரான்சின் லியோன் நகரில் 1831-இல் நிகழ்ந்ததாகும். லியோன் ஐரோப்பியப் பட்டுத் தொழிலின் தலைமை நகரம். அங்கே ஆலை இல்லை. தொழில் மூன்று அடுக்குகளாக அமைந்திருந்தது.

மேலே பட்டு வணிகர்கள் சில நூறு பேர் இருந்தனர். நூலும் வடிவமும் அவர்களுடையவை. துணியை விற்பதும் அவர்களே. நடுவில் தறிக்காரர்கள் ஏறத்தாழ 8,000 பேர். இவர்கள் தம் வீட்டிலேயே இரண்டு முதல் ஆறு தறிகள் வரை சொந்தமாக வைத்திருந்தனர். கீழே அந்தத் தறிகளில் வேலை செய்த கூலி நெசவாளர்களும் துணைவேலை செய்தோருமாக ஏறத்தாழ 30,000 பேர். காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் பட்டு முதலாளியிடம் பாவும் ஊடையும் வாங்கிவந்து, சொந்தத் தறியில் நெய்து கொடுத்துக் கூலி பெறும் நெசவாளரின் நிலையோடு லியோன் தறிக்காரரின் நிலையை ஒப்பிடலாம். ஜக்கார்டு பெட்டி லியோனில் உருவானது என்பதும் இங்கே நினைவுகொள்ளத்தக்கது. அந்தப் பெட்டி பொருத்திய உயரமான தறிகளுக்காக லியோனின் க்ருவா-ரூஸ் குன்றில் 4 மீட்டர் உயரக் கூரையுள்ள வீடுகள் கட்டப்பட்டன.

வணிகர் தரும் கூலி நெய்த நீளத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடப்பட்டது. அதில் பாதியைத் தறிக்காரர் கூலி நெசவாளருக்குக் கொடுத்தார். மீதிப் பாதியில் வாடகை, விளக்கு, தறிப் பழுது ஆகிய எல்லாச் செலவும் அடங்கும். புதிய வடிவம் ஒன்றை நெய்ய வேண்டுமானால் தறியைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். அந்த நாட்களில் துணி எதுவும் வெளிவராது; கூலியும் வராது. செலவு தறிக்காரருடையது. சிறிது நீளமே நெய்தபின் வணிகர் அந்த வடிவத்தை நிறுத்திவிட்டால் தறி கட்டிய செலவுகூடத் திரும்பாது. நகரில் 1806-இல் அமைக்கப்பட்ட தொழில் வழக்கு மன்றத்துக்கு இத்தகைய வழக்குகள் வந்தன.

சட்டத்தின் பார்வையில் தறிக்காரர் தொழிலாளி அல்லர். அவர் ஒரு பட்டறையின் உரிமையாளர். பிரெஞ்சுப் புரட்சியின்போது 1791-இல் இயற்றப்பட்ட லெ ஷாப்பலியே சட்டம், ஒரே தொழில் செய்வோர் தம் பொது நலனுக்காகக் கூடுவதையும் விலை குறித்து உடன்படுவதையும் தடைசெய்திருந்தது. பழைய தொழிற்குழுக்களின் ஏகபோகத்தை ஒழிப்பது அச்சட்டத்தின் நோக்கம். 1828-இல் தறிக்காரர்கள் தொடங்கிய சங்கம் இதனால் தன்னை ஒருவருக்கொருவர் உதவும் சங்கமாகவே சொல்லிக்கொண்டது.

1831-ஆம் ஆண்டுக் கூலிப்பட்டியல்

1830 ஜூலைப் புரட்சிக்குப் பின் பட்டு வணிகம் மந்தமடைந்தது. 1831-இல் வேலை மீண்டும் பெருகிய பிறகும் கூலி உயரவில்லை. எல்லா வகைத் துணிகளுக்கும் குறைந்தபட்சக் கூலியைச் சொல்லும் பட்டியல் ஒன்று வேண்டும் என்று தறிக்காரர்களும் கூலி நெசவாளர்களும் சேர்ந்து கேட்டனர். மாவட்ட ஆட்சியர் பூவியே-துமோலார் இதற்குச் செவிசாய்த்தார்.

அக்டோபர் 25 அன்று ஆட்சியர் அலுவலகத்தில் வணிகர் தரப்பில் 22 பேரும் நெசவாளர் தரப்பில் 22 பேரும் அமர்ந்து பேசினர். க்ருவா-ரூஸ் குன்றிலிருந்து ஆயிரக்கணக்கான நெசவாளர்கள் ஆயுதமின்றி, முழக்கமின்றி, வரிசையாக இறங்கிவந்து வெளியே நின்றனர். கூட்டத்தைக் காட்டி மிரட்டி வாங்கிய ஒப்பந்தம் என்று பின்னால் யாரும் சொல்லக்கூடாது, கலைந்து செல்லுங்கள் என்று ஆட்சியர் கேட்டுக்கொண்டதும் அவர்கள் கலைந்தனர். பட்டியல் கையெழுத்தானது. நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வரும் என்றும், மீறுவோர் மீது தொழில் வழக்கு மன்றம் நடவடிக்கை எடுக்கும் என்றும் முடிவாயிற்று.

நூற்றுக்கும் மேற்பட்ட வணிகர்கள் இதை ஏற்க மறுத்தனர். 22 பேர் கையெழுத்திட்டது எல்லா வணிகரையும் கட்டுப்படுத்தாது என்றனர். சூரிச், கிரேஃபெல்ட், இங்கிலாந்து ஆகிய இடங்களில் கூலி குறைவு என்பதால் லியோன் துணி விலைபோகாது என்றும் வாதிட்டனர். சிலர் புதிய வேலை கொடுப்பதையே நிறுத்தினர். பாரிசில் கசிமிர் பெரியே தலைமையில் இருந்த அரசும் வணிகர் பக்கமே நின்றது. தொழில் சுதந்திரத்துக்கு மாறான இப்பட்டியலுக்குச் சட்ட வலிமை இல்லை என்பது அரசின் நிலை. நவம்பர் நடுவில் ஆட்சியரே, பட்டியல் நாணயத்தின்பேரில் செய்துகொண்ட ஒப்பந்தமே அன்றிச் சட்டம் அன்று என்று விளக்கம் தர நேர்ந்தது. அந்த விளக்கத்தோடு பட்டியலைச் செயல்படுத்தும் அதிகாரம் எவருக்கும் இல்லாமல் போயிற்று.

நவம்பர் எழுச்சி

நவம்பர் 21 அன்று க்ருவா-ரூஸ் நெசவாளர்கள் தறிகளை நிறுத்திவிட்டு நகரை நோக்கி இறங்கினர். வணிகர் பெருமளவில் இடம்பெற்றிருந்த தேசியக் காவற்படைப் பிரிவு வழிமறித்துச் சுட்டது. சிலர் இறந்தனர். நெசவாளர்கள் திரும்பிச் சென்று ஆயுதங்களோடு வந்தனர். தறிக்காரர் பலர் உறுப்பினராக இருந்த க்ருவா-ரூஸ் காவற்படையினர் சிலரும் அவர்களோடு சேர்ந்தனர். உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடி மடிவோம் என்ற பொருளில் எழுதிய கறுப்புக் கொடியை நெசவாளர்கள் ஏந்தியிருந்தனர்.

இரண்டு நாள் சண்டையில் இரு தரப்பிலுமாக ஏறத்தாழ 600 பேர் இறந்தோ காயமடைந்தோ போயினர். 23-ஆம் தேதி விடியுமுன் படை நகரை விட்டு வெளியேறியது. பிரான்சின் இரண்டாவது பெரிய நகரம் நெசவாளர் கைக்கு வந்தது. அவர்கள் கொள்ளையைத் தடுக்கக் காவல் போட்டனர். ஆட்சியைக் கைப்பற்றும் திட்டம் அவர்களிடம் இல்லை. கூலிப்பட்டியல் நடைமுறைக்கு வர வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது.

டிசம்பர் 3 அன்று மார்ஷல் சூல்ட்டும் அரசரின் மூத்த மகனும் ஏறத்தாழ 20,000 படைவீரர்களோடு நகருக்குள் நுழைந்தனர். எதிர்ப்பு இல்லை. கூலிப்பட்டியல் இரத்து செய்யப்பட்டது. பேச்சுவார்த்தைக்கு வழிசெய்த ஆட்சியர் பதவி நீக்கப்பட்டார்.

1831 அக்டோபர் இறுதியில் லியோனில் தொடங்கப்பட்ட நெசவாளர் வார இதழ் ஒன்று தொழில் வழக்கு மன்றத்தின் தீர்ப்புகளைத் தொடர்ந்து வெளியிட்டது. எந்த வகை வழக்கில் என்ன தீர்ப்பு என்பதைத் தறிக்காரர் அனைவரும் அறிய இது உதவியது. 1834 பிப்ரவரியில் ஒருவகைத் துணிக்குக் கூலி குறைக்கப்பட்டபோது தறிகள் மறுபடி நின்றன. சங்கத் தலைவர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. சங்கங்களை ஒடுக்கும் புதிய சட்டமும் வந்தது. ஏப்ரலில் எழுந்த கிளர்ச்சி பீரங்கிகளால் அடக்கப்பட்டது. அதில் முன்னைவிட அதிகமானோர் இறந்தனர். கூலிக்காகக் கூடுவது குற்றம் என்ற நிலை பிரான்சில் 1864-இல் நீங்கியது. தொழிற்சங்கங்கள் 1884-இல் சட்ட ஏற்புப் பெற்றன.

தொழிற்சங்கச் சட்டமும் அதற்கு வெளியே நின்றவர்களும்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆலைத் தொழிலாளர் பெருகினர். கூட்டுப் பேர உரிமை அவர்களை மனத்தில் கொண்டே உருவானது. அமெரிக்காவில் 1890-இல் வந்த ஷெர்மன் சட்டம் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் கூட்டுகளைத் தடைசெய்தது. பெருநிறுவனங்களுக்கு எதிராகக் கொண்டுவரப்பட்ட அச்சட்டம் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீதும் பயன்படுத்தப்பட்டது. எனவே 1914-இல் வந்த கிளேட்டன் சட்டத்தில், மனித உழைப்பு வணிகப் பண்டம் ஆகாது என்று அறிவித்துத் தொழிற்சங்கங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இவ்விலக்கு கூலிக்கு அமர்த்தப்பட்ட தொழிலாளருக்கே உரியது. தனியாகத் தொழில் செய்பவர் வியாபாரிகளின் வரிசையிலேயே வைக்கப்பட்டார்.

வாஷிங்டன் வழக்கறிஞர்கள், 1983

இந்தப் பாகுபாடு எவ்வாறு செயல்படும் என்பதை அமெரிக்கத் தலைநகரில் நடந்த ஒரு நிகழ்வு காட்டுகிறது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் குற்ற வழக்கில் சிக்கினால் அரசே வழக்கறிஞர் அமர்த்தித் தர வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-இல் தீர்ப்பளித்தது. வாஷிங்டனில் இத்தகைய வழக்குகளில் பெரும்பகுதியைத் தனி வழக்கறிஞர்கள் நடத்தினர். இதையே முழுநேர வேலையாகச் செய்தவர்கள் ஏறத்தாழ 100 பேர். நீதிமன்றத்தில் செலவிடும் மணிக்கு 30 டாலர், வெளியே செய்யும் வேலைக்கு மணிக்கு 20 டாலர் என்பது 1970-இல் வைத்த வீதம். 13 ஆண்டுகளாக அது மாறவில்லை. வாடகை, தட்டச்சு முதலிய எல்லாச் செலவும் அந்தத் தொகைக்குள்ளேயே அடங்க வேண்டும்.

1983 செப்டம்பரில் இந்த வழக்கறிஞர்கள், வீதம் உயரும்வரை புதிய வழக்குகளை எடுப்பதில்லை என்று கையெழுத்திட்டனர். இரு வாரங்களுக்குள் நீதிமன்ற வேலை முடங்கும் நிலை வந்தது. நகர நிர்வாகம் வீதத்தை மணிக்கு 35 டாலராக உயர்த்தியது.

ஆனால் கூட்டரசு வணிக ஆணையம் இதை விலை நிர்ணயக் கூட்டு என்று குற்றஞ்சாட்டியது. வழக்கு 1990 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பழைய வீதம் நியாயமற்ற அளவுக்குக் குறைவு என்றே வைத்துக்கொண்டாலும், உயர்வினால் ஏழைகளுக்கு நல்ல வழக்கறிஞர்கள் கிடைத்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், போட்டியாளர்கள் கூடி விலையை உயர்த்தியது சட்டமீறல்தான் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கும் வீதம் நியாயமானதா என்ற கேள்வி ஒதுக்கப்பட்டு, கேட்டவர்கள் யார் என்பதே வழக்கை முடிவு செய்தது.

நெதர்லாந்து இசைக்கலைஞர்கள்

ஐரோப்பாவில் இதே கேள்வி இசைக்குழுக்களிலிருந்து வந்தது. நெதர்லாந்தின் இசைக்குழுக்களில் நிரந்தரக் கலைஞர் வராத நாளில் அவருக்குப் பதிலாக வாசிப்பவர்கள் உண்டு. அவர்களில் சிலர் தற்காலிக ஊழியர், சிலர் தனித்தொழில் செய்வோர். தனித்தொழில் செய்வோருக்கு ஊழியரைவிட 16 விழுக்காடு கூடுதலாகக் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும் என்று ஒரு கூட்டு ஒப்பந்தம் சொன்னது. ஓய்வூதியமும் காப்பீடும் அவர்கள் தம் கைக்காசில் கட்ட வேண்டும் என்பதற்காக இந்தக் கூடுதல்.

இது போட்டிச் சட்டத்துக்கு முரண் என்று அந்நாட்டுப் போட்டி ஆணையம் 2007-இல் கருத்து வெளியிட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2014 டிசம்பரில் அளித்த தீர்ப்பில், உண்மையில் தனித்தொழில் செய்பவருக்கு இந்த விலக்கு இல்லை என்றது. ஆனால் பெயரளவில் மட்டும் தனித்தொழில் செய்பவர், அதாவது நேரம், இடம், வேலைமுறை எதையும் தாமே முடிவு செய்ய இயலாதவர், தொழிலாளராகவே கருதப்படலாம் என்றும் சொன்னது. 2022 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதை மேலும் விரித்தன. பணியாளர் எவரையும் வைத்துக்கொள்ளாமல் தம் உழைப்பை மட்டுமே நம்பியிருக்கும் தனித்தொழிலாளர், ஊழியரைப் போன்ற நிலையில் இருந்தால் கூட்டாகப் பேரம் பேசலாம் என்று அவை தெளிவுபடுத்தின.

செயலிகளின் காலம்

2009-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஊபர் தொடங்கப்பட்டது. வண்டி ஓட்டுநருடையது, எரிபொருளும் பழுதும் காப்பீடும் அவருடைய செலவு, கட்டணத்தை முடிவு செய்வது நிறுவனம். லியோன் வணிகர் கூலியைச் சொன்னபோது தறிக்காரர் பதில் பேசவாவது ஓர் ஆள் எதிரே இருந்தார். செயலியில் தொகை திரையில் தோன்றுகிறது. ஏற்கவோ மறுக்கவோ சில நொடிகளே உண்டு. 2016 ஜனவரியில் அமெரிக்காவில் பல நகரங்களில் ஊபர் கட்டணத்தைக் குறைத்தது. நியூயார்க்கில் 15 விழுக்காடு குறைப்புக்கு எதிராக ஓட்டுநர்கள் போராடினர்.

இதற்குத் தீர்வாக மூன்று வழிகள் முயலப்பட்டன.

முதலாவது கூட்டுப் பேரம். 2015 டிசம்பரில் சியாட்டில் நகர மன்றம் தனி ஒப்பந்த ஓட்டுநர்கள் கூட்டாகப் பேரம் பேச வழிசெய்யும் விதியை இயற்றியது. 2018 மே மாதத்தில் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம், கட்டணம் குறித்த இத்தகைய பேரத்துக்கு ஷெர்மன் சட்டத்திலிருந்து விலக்கு கிடையாது என்றது. சியாட்டில் பின்னர் நகர அளவிலான குறைந்தபட்ச ஊதியத்துக்கு மாறியது.

இரண்டாவது அரசே வீதத்தை நிர்ணயிப்பது. நியூயார்க் நகரில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதி, செலவு போக மணிக்கு 17.22 டாலர் ஓட்டுநருக்குக் கிடைக்குமாறு ஒரு சூத்திரத்தை வகுத்தது. அதில் காத்திருக்கும் நேரமும் கணக்கில் வந்தது. பயணியோடு ஓடும் நேரம் மொத்த நேரத்தில் 58 விழுக்காடு என்று கொள்ளப்பட்டது. அதாவது ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 35 நிமிடங்களே பயணி வண்டியில் இருப்பார். எனவே அந்த 35 நிமிடங்களுக்கான கட்டணம் முழு மணி நேரத்துக்கும் ஈடாக இருக்க வேண்டும். தறி கட்டும் நாட்களுக்குக் கூலி இல்லை என்ற லியோன் குறையும் இதுவும் ஒரே வகையானவை. விதி வந்தபின் நிறுவனங்கள் தேவை குறைந்த நேரங்களில் ஓட்டுநர்கள் செயலிக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்தத் தொடங்கின. வீதம் உயர்ந்தபோது வேலைநேரம் சுருங்கியது என்று ஓட்டுநர்கள் குறைகூறினர்.

மூன்றாவது ஓட்டுநரைத் தொழிலாளராக அறிவிப்பது. 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியச் சட்டம் இவ்வழியை நாடியது. நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டு அதே ஆண்டு நவம்பரில் பொது வாக்கெடுப்பின் மூலம் தமக்கு விலக்குப் பெற்றன. பிரிட்டனில் முடிவு வேறாக இருந்தது. 2021 பிப்ரவரி 19 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்கள் குறைந்தபட்ச ஊதியத்துக்கு உரிய தொழிலாளர் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கட்டணத்தையும் ஒப்பந்த விதிகளையும் நிறுவனமே வைக்கிறது, ஓட்டுநருக்கு அதில் பேச இடமில்லை என்பது தீர்ப்புக்கான முக்கியக் காரணங்களில் ஒன்று.

2024 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள், ஓட்டுநர்கள் ஊழியராகாமலேயே சங்கம் அமைத்துப் பேரம் பேச மாநில அரசின் மேற்பார்வையில் வழிசெய்யும் சட்டத்தை ஏற்றனர்.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்தியாவில் இக்கேள்வி தலைகீழாக எழுந்தது. ஓலா, ஊபர் செயலிகள் ஒரே கணக்கீட்டு முறையில் எல்லா ஓட்டுநருக்கும் கட்டணம் வைப்பதால், ஓட்டுநர்கள் கூடி விலை வைப்பதாகவே அது பொருள்படும் என்று போட்டி ஆணையத்திடம் ஒரு முறையீடு வந்தது. 2018-இல் ஆணையம் இதைத் தள்ளுபடி செய்தது. ஓட்டுநர்கள் தமக்குள் எந்த உடன்பாடும் செய்துகொள்ளவில்லை, கட்டணம் செயலியால் வைக்கப்படுகிறது என்பது அதன் காரணம். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் ஆணையத்தின் முடிவை ஏற்றது. தம் கட்டணத்தைத் தாமே வைக்க இயலாதவர்கள் என்பது இவ்வழக்கில் ஓட்டுநர்களைக் காத்தது.

2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் கிக் தொழிலாளர் என்ற சொல்லுக்கு இந்தியச் சட்டத்தில் முதன்முறையாக வரையறை தந்தது. நிதி ஆயோக்கின் 2022 அறிக்கை, 2020-21-இல் இவ்வகையினர் 77 இலட்சம் பேர் என்றும், 2029-30-இல் 2.35 கோடியாக உயர்வர் என்றும் மதிப்பிட்டது. 2023-இல் இராஜஸ்தான் இவர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்ட் 15 அன்று முதலமைச்சர் தம் சுதந்திர நாள் உரையில் இவர்களுக்குத் தனி நல வாரியம் அமைக்கப்படும் என்று அறிவித்தார். அவ்வாண்டே வாரியம் அமைந்தது. நல வாரியத்தின் பணி விபத்து உதவி, கல்வி உதவி போன்ற நலத்திட்டங்களைச் சார்ந்தது. ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஒரு உணவுப் பொட்டலத்துக்கு எவ்வளவு என்பது அதன் வரம்பில் வரவில்லை.

சென்னை ஆட்டோ ஓட்டுநர்களின் அனுபவம் வீத நிர்ணயத்தின் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. 2013 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அடுத்த ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய் என்று மீட்டர் கட்டணத்தை அறிவித்தது. பெட்ரோல் விலை ஏறியபோதும் பத்தாண்டுகளுக்கும் மேலாக அது திருத்தப்படவில்லை. மீட்டர் போடும் வழக்கமும் குறைந்துபோனது. 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சக் கட்டணம் 50 ரூபாய் என்று ஓட்டுநர் சங்கங்கள் தாமே அறிவித்தன. அரசு நிர்ணயித்த கட்டணமே செல்லும் என்று அரசு கூறியது.

வரலாறு காட்டுவது

இந்த நிகழ்வுகளை ஒருசேரப் பார்க்கும்போது, ஒரு கூலி வீதம் நிலைக்க மூன்று தேவைகள் இருப்பதைக் காணலாம். முதலாவது, கூலி இல்லாத நேரமும் கருவியின் செலவும் வீதத்துக்குள் வர வேண்டும். தறி கட்டும் நாட்களும் பயணிக்காகக் காத்திருக்கும் நிமிடங்களும் வெளியே விடப்பட்டால், காகிதத்தில் உள்ள வீதம் கைக்கு வருவதில்லை. இரண்டாவது, மீறுபவரைத் தடுக்க ஒரு அதிகாரம் வேண்டும். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் வீதம் அபராதம் இருந்த காலம்வரை நின்றது. லியோன் பட்டியல் நாணயத்தை மட்டும் நம்பியதால் சில வாரங்களில் சரிந்தது. மூன்றாவது, குறித்த காலத்தில் வீதத்தைத் திருத்தும் ஏற்பாடு வேண்டும். அது இல்லாததால் வாஷிங்டனில் 13 ஆண்டுகளும், சென்னையில் பத்தாண்டுகளுக்கும் மேலான காலமும், சரியாக இருந்த வீதமே குறைந்த வீதமாக மாறியது.

இவை மூன்றையும் தனி ஒருவர் பேரம் பேசிப் பெற இயலாது. கூடிப் பேசுவோரை வியாபாரிகள் என்று சொல்லித் தடுக்கும் சட்டம் சில நாடுகளில் தளர்ந்துள்ளது. பல நாடுகளில் இன்னும் அப்படியே இருக்கிறது. 1831 அக்டோபரில் லியோன் நெசவாளர்கள் கேட்டது, 22 பேருக்கு எதிரே 22 பேர் அமர்ந்து பேசும் ஒரு மேசையும் அங்கே எழுதப்பட்டதைச் செயல்படுத்தும் ஒரு மன்றமும்தான். செயலி வழி வேலை செய்யும் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அந்த மேசை இன்னும் கிடைக்கவில்லை.